மிளகாய்ப் பாத்தியின் ஈரம்

மழை பொய்த்து, அண்ணன், தம்பி இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் மிளகாய்ச் செடிகள் வாடவே இல்லை. காலையில் எட்டிப் பார்த்தால் பாத்தி ஈரமாக இருந்தது. அண்ணன் மோட்டார் அறையைப் பூட்டிப் பார்த்தார். அப்போதும் ஈரம் குறையவில்லை. திருட்டுத்தனமாகக் குழாய் புதைத்திருக்கிறான் என்று முடிவுகட்டி, மண்வெட்டியோடு போய்ப் பாத்தியோரம் தோண்டினார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"நீ புதைச்ச குழாயைத்தான்டா!"

"சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலண்ணே. எனக்கே புரியல."

குழாய் இல்லை. வேர்கள்தான் வந்தன. அவற்றைச் சுற்றி மட்டும் மண் ஈரமாக இருந்தது. அவை சுவரடியில் நுழைந்து அண்ணன் வீட்டு வேலமரத்துக்குப் போயின.

தாவரவியல் படித்த அண்ணி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மரம் ஆழத்துல இருக்கற தண்ணியை ராத்திரியில மேல இழுக்குதுங்க. மேல்மண்ணு காஞ்சு கிடக்குறதால, வேருலருந்து கொஞ்சம் அதுல கசியுது."

அண்ணன் மரத்தை முறைத்தார். "நம்ம வீட்டு மரம், இவனுக்கு எதுக்கு ஊத்துது?"

தம்பி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான்.

அன்று மாலையே அண்ணன் தன் பக்கத்து மரத்தடியில் மிளகாய் நாற்று நட்டார். நாற்றைக் கொடுத்தது தம்பிதான்.