மேலே பார்க்கும் நான்கு விளக்குகள்

அவளுக்குப் பல்பு அக்கா என்று பெயர் வைத்தது எதிர்க்கடை டயர்காரர். வண்டிகளுக்கு விளக்கு மாட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். அவள் மாட்டிய விளக்கை நம்பிப் போய் நடுவழியில் நின்றேன் என்று வந்தவர் ஒருவர்கூட இல்லை.

பட்டறை சின்னது. ஷட்டரைத் தூக்கினால் ஒரு வண்டி உள்ளே நிற்கும், இன்னொன்று பாதி தெருவில் நிற்கும். இரும்பை அறுப்பது, துளை போடுவது, பற்றவைப்பது, வந்தவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவது, இவை அவள் கணவரின் வேலை. வயர் என்று இருந்தால் அது அவள் கைப்பட்டதாகத்தான் இருக்கும்.

பதினெட்டு வருஷமாகக் காட்டுக்கும் மணலுக்கும் மலைக்கும் போகிற ஜீப்புகளின் தலையில் விளக்கு மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த வண்டிகள் போகிற இடம் எதையும் அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது வாசலில் நிற்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி அப்பிய பழைய ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் அறுபதை நெருங்கும் ஒரு அம்மாள். ஆள் குள்ளம், காலில் இருந்த பூட்ஸ் மட்டும் பெரிது. கணவர் ஜீப்பின் கதவைச் சுட்டுவிரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு," என்றார்.

"உப்புச் சுரங்கத்துலேருந்துதான் வரேன். நான் அங்க சர்வேயர்," என்றார் அந்த அம்மாள். "கூரை மேல விளக்கு மாட்டணும். ஆனா ரோட்டைப் பார்க்கிற விளக்கு வேண்டாம். மேல பார்க்கணும்."

"மேலன்னா, மரத்து மேலயா?" என்று கேட்டாள் பல்பு அக்கா.

"நேர் மேல. எழுபது மீட்டர்."

சர்வேயர் அம்மாள் பானெட்டின் மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். சுரங்கத்தின் பழைய பகுதி அது. மூடிப்போட்டு அறுபது வருஷம் ஆகிறது. புழு துளைத்த மாதிரி ஓடிய பாதைகளுக்கு நடுவே பெரிய வட்டம் ஒன்று இருந்தது. அதற்குள் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: கூரை தெரியவில்லை.

"இந்த அறைக்குள்ள கைவிளக்கோட போனவங்க எழுதினது," என்றார் அவர். "இப்ப இதுக்குக் குறுக்கால புதுசா பாதை போடலாமான்னு கேக்குறாங்க. அளக்குற கருவி உயரத்தைச் சொல்லிடுச்சு. மேல விரிசல் இருக்கா இல்லையான்னு அது சொல்லாது. நாளைக்கு அந்தப் பாதையில நாப்பது பேர் நடக்கணும். நான் கண்ணால பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

பல்பு அக்காவுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது.

வேலை நான்கு நாள் இழுத்தது. கடையில் கிடைக்கிற தாங்கிகள் எதுவும் விளக்கை அவ்வளவு நிமிரவிடவில்லை. கணவர் ஒரு கனமான குழாயை அறுத்து, இரண்டு பக்கமும் பேரிங் வைத்து, கூரைமேல் உட்காரும் ஒரு கம்பிச் சட்டத்தின் குறுக்கே படுக்கப் போட்டார். குழாயில் நான்கு விளக்குகள். ஒரு கைப்பிடியைத் திருகினால் நான்கும் ஒன்றாக முகத்தைத் தூக்கும், சாய்க்கும். சட்டத்தைக் கூரையில் துளை போட்டு இறுக்குவதா, ஓரத்தில் கவ்வி பிடிக்க வைப்பதா என்று அரைநாள் வாக்குவாதம் நடந்தது.

"துளை போட்டா மழை பெஞ்சா ஒழுகும்," என்றார் கணவர்.

"சுரங்கத்துக்குள்ள ஏதுங்க மழை?" என்றாள் அவள். இருந்தாலும் கவ்விதான் போட்டார்கள். நல்ல தகரத்தில் ஓட்டை போட அவளுக்கும் மனசு வரவில்லை.

உள்ளே என்ஜினை ஓடவிட்டால் புகை தங்கிவிடும், அதனால் விளக்கு தனி பேட்டரியில் எரிய வேண்டும் என்று சர்வேயர் அம்மாள் சொல்லியிருந்தார். பின்சீட்டுக்கு அடியில் இரண்டாவது பேட்டரியை வைத்தாள். பக்கத்திலேயே ஃபியூஸ், அதையடுத்து, சுவிட்சைத் தட்டினால் விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே. தடித்த வயரைக் கதவோரமாக மேலே ஏற்றி, தகரம் உரசும் இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம் போட்டாள். வியாழக்கிழமை மாலை கணவர் சட்டத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து முடித்தார். அது காய்ந்ததும் எர்த் வயர்களைச் சட்டத்தில் இறுக்கினாள். ஷட்டரை இறக்கிவிட்டு சுவிட்சைத் தட்டினால், தகரக் கூரையின் துரு ஒவ்வொரு புள்ளியாக எண்ணும்படி தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்க வந்த சர்வேயர் அம்மாள் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். பிறகு, "நீங்களும் வரணும்," என்றார். "நான் தூரத்துல நின்னு படம் எடுக்கணும். இதைத் திருப்ப ஒரு ஆள் வேணும். உள்ள ஏதாவது பழுதுன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அவ வந்தா நானும் வருவேன்," என்று கணவர் முந்திக்கொண்டார். லிஃப்டில்கூட ஏறாத மனிதர் அவர். மூன்றாவது மாடியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு இன்றைக்கும் படியேறித்தான் போவார். பல்பு அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பார்க்காதே, வருவேன்," என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுரங்க வாசலில் மூன்று பேருக்கும் தலைக்கவசம் கொடுத்தார்கள். நெற்றியில் சின்ன விளக்கு வைத்த கவசம். கணவர் பின்சீட்டில் ஏறிய கையோடு கண்ணை மூடிக்கொண்டார். வெயில் நாலைந்து வளைவுவரை பின்னாலேயே வந்தது, பிறகு நின்றுவிட்டது. பாதை இறங்கிக்கொண்டே போனது. குளிர் அடித்தது. சுவர் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில், ஈரமே இல்லாமல் இருந்தது. பழைய பகுதிக்குள் நுழைந்ததும் தரை கரடுமுரடாகி, வண்டி ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே.

"வந்தாச்சு," என்றார் சர்வேயர் அம்மாள். என்ஜினை நிறுத்தினார்.

பல்பு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இதுவரை கூடவே வந்த சுவரும் இல்லை. ஆனால் கதவைத் திறந்து அவள் சாத்திய சத்தம் எங்கேயோ போய்விட்டு, வெகு நேரம் கழித்து, வேறு யாரோ கதவைச் சாத்துவதுபோலத் திரும்பி வந்தது.

சர்வேயர் அம்மாள் கையிலிருந்த காற்று அளக்கும் கருவியைப் பார்த்துத் தலையாட்டினார். கேமரா வைக்கும் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் நடந்தார். அவர் நெற்றி விளக்கு சின்னதாகி, இன்னும் சின்னதாகி, ஒரு பொட்டுபோல நின்றது. "போடுங்க," என்ற குரல் வந்தது.

பல்பு அக்கா சுவிட்சைத் தட்டினாள். விளக்குகள் ஒரு முறை விழித்து அணைந்துபோயின.

அவள் மாட்டிய விளக்கு இப்படி அணைந்துபோனது பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. ஃபியூஸைப் பார்த்தாள், நன்றாக இருந்தது. ரிலே டிக்கென்று பேசியது. அப்படியானால் கோளாறு மேலேதான். வண்டியின் பின்பக்க ஏணியில் கால் வைத்து ஏறி, கம்பிச் சட்டத்தின்மேல் குப்புறப் படுத்து, நெற்றி வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். எர்த் போல்ட்டில் விரல் நின்றது. புதுப் பெயின்டின்மேல் அப்படியே இறுக்கியிருந்தாள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது, சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும் என்பது முதல் வருஷம் படித்த பாடம். பட்டறையில் எப்படியோ பிடித்துக்கொண்டு எரிந்திருக்கிறது. வழியில் குலுங்கின குலுக்கலில் விட்டுப்போயிற்று.

"என்னாச்சு?" என்றார் கணவர் கீழேயிருந்து.

"என் தப்புங்க. பெயின்டைச் சுரண்டாம விட்டுட்டேன்."

"பெயின்ட் நான் அடிச்சதுதானே," என்றார் அவர். அந்த நேரத்தில் அப்படிச் சொல்லத் தோன்றியதே அந்த மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

கத்தியால் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டினாள். போல்ட்டை இறுக்கினாள். கைப்பிடியைத் திருகி நான்கு விளக்குகளையும் நேராக மேலே பார்க்க வைத்தாள். கீழே இறங்கிப் போய் சுவிட்சைப் போடச் சோம்பலாக இருந்தது. அப்படியே சட்டத்தின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, "நீங்க போடுங்க," என்றாள்.

அவர் கண்ணை மூடியபடியே தடவித் தடவி சுவிட்சைப் போட்டார்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. எதிலும் முட்டாமல் மேலே ஏறி ஏறிப் போயிற்று. பிறகு சுவர்கள் வந்தன. அறை ஒரு மாபெரும் மணியைக் கவிழ்த்த வடிவத்தில், அடியில் அகன்று, மேலே போகப் போகக் குறுகி நின்றது. சுவர் முழுக்க வெள்ளையும் சாம்பலும் மாறி மாறிப் பட்டைகள். நேராக ஓடிய பட்டைகள் ஓரிடத்தில் வளைந்து, மடிந்து, திரும்பவும் தங்கள் வழியில் போயின. எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணுக்கு எட்டும் கடைசியில், ஒரு சின்ன வட்டமான கூரை.

"எரியுதா?" என்றார் கணவர்.

அவள் பட்டைகளைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே இருந்தாள்.

"ஏய், உன்னைத்தான். எரியுதா இல்லையா?"

"கண்ணைத் திறங்க," என்றாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் இறங்கி நின்று அண்ணாந்தார்.

கண் பழகப் பழக அவளுக்கு இன்னும் தெரிந்தது. பட்டைகளுக்குக் குறுக்கே, சுவர் முழுவதும், சீப்பு இழுத்த மாதிரி கோடுகள் இருந்தன. அவை குந்தாலி கொத்திய தடங்கள். ஒரு அடிக்கு எத்தனையோ, அப்படி எழுபது மீட்டருக்கு. கூரையிலும் அதே தடங்கள். கூரை ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் விளக்குப் புகையின் கறுப்பு. பாதிச் சுவரில் ஒரு மர ஏணி, மேலும் போகாமல் கீழும் வராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு உயரத்துல எப்படி நின்னு வெட்டினாங்க?" என்று கத்திக் கேட்டாள். கேள்வி அறையெல்லாம் சுற்றியது.

சர்வேயர் அம்மாள் கத்தவில்லை. முக்காலியை விட்டு நடந்தே வந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்று, அண்ணாந்தபடியே சொன்னார். "நிக்கலை. அங்கதான் ஆரம்பிச்சாங்க. அப்ப அதுதான் தரை. மேல ஒரு குழி வழியா இறங்கி, உப்பை வெட்டி வெட்டித் தரையை இறக்கிக்கிட்டே வந்திருக்காங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும்."

"அப்ப மேல வெட்டினவங்க…"

"இந்தத் தரையைப் பார்க்கலை. இங்க வெட்டினவங்க மேல நிமிர்ந்தா இருட்டு. அந்தக் குழியும் எப்பவோ தூர்ந்து போச்சு." அவர் அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "முழுசா பார்த்தது நாம மூணு பேர்தான்னு நினைக்கிறேன்."

பல்பு அக்கா மறுபடி மேலே பார்த்தாள். அந்த மாடத்தில் விளக்கை வைத்தவன் கை எவ்வளவு உயரம் எட்டியிருக்கும், அவன் காலுக்குக் கீழே இவ்வளவு பெரிய வெறுமை இருக்கப்போகிறது என்று அவனுக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பானா என்று நினைத்தாள். அவன், அவன் மகன், அவனுக்கு மகன். ஒவ்வொருவனும் தன் காலத்துக்கு எட்டாள் உயரமோ, பத்தாள் உயரமோ இறக்கியிருப்பான். கண்ணில் நீர் வந்து காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

அதன்பிறகு வேலை ஆரம்பித்தது. சர்வேயர் அம்மாள் தூரத்திலிருந்து குரல் கொடுக்க, அவள் படுத்தபடியே கைப்பிடியை ஒரு விரல் அளவு, ஒரு விரல் அளவாகத் திருகினாள். கணவர் அவர்கள் இருவருக்கும் நடுவே நின்று ஒவ்வொரு படத்தின் எண்ணையும் எழுதிக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே நோட்டை வாங்கிக்கொண்டார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து விளக்குகள் வட கோடியில் நின்றபோது சர்வேயர் அம்மாள், "அப்படியே வையுங்க," என்றார். கூரையிலிருந்து ஒரு மெல்லிய கறுப்புக் கோடு பிரிந்து, மூன்று பட்டைகளைத் தாண்டி இறங்கியிருந்தது. கோட்டின் ஒரு பக்கத்துப் பட்டை மறு பக்கத்துப் பட்டையோடு சேரவில்லை. ஒரு சாண் இறங்கி நின்றது.

"நாப்பது பேர்," என்றார் சர்வேயர் அம்மாள், தனக்குத்தானே. அதற்குமேல் படம் எடுக்கவில்லை. முக்காலியை மடக்கி, சத்தமில்லாமல் ஏறச் சொல்லி, கதவுகளை மெதுவாகச் சாத்தி, வண்டியைப் பின்னோக்கியே பாதைக்குள் கொண்டுபோனார்.

வெளியே வந்தபோது நல்ல வெயில். உதடு உப்புக் கரித்தது. கணவர் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, "இதென்ன இவ்வளவு பக்கத்துல இருக்கு," என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து சர்வேயர் அம்மாள் பட்டறைக்கு வந்தார். பாதையை வேறு பக்கம் சுற்றிப் போடுகிறார்கள் என்றும், அந்த அறையின் வாயை கான்கிரீட் போட்டு அடைத்தாகிவிட்டது என்றும் சொன்னார். இனி யாரும் உள்ளே போக முடியாது. பிறகு ஒரு பெரிய படத்தை மேஜையில் விரித்தார். அன்று எடுத்த படங்களையெல்லாம் ஒன்றாக ஒட்டிய படம். மணி வடிவத்தில் அந்த அறை முழுதாக அதில் நின்றது.

"இப்படிப் படத்துல பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். இல்லன்னா எவ்வளவு பெரிசுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியாது," என்றார். "அறிக்கையில எழுதியிருக்கேன், அளவுக்கு வண்டி மேல படுத்திருப்பவரைப் பார்க்கவும்னு."

கணவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தின்மேல் குனிந்தார். வெகு நேரம் தேடினார். "நீ எங்க இருக்கே? எனக்குத் தெரியலையே."

அவள் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டினாள். விரல் நுனிக்கு அடியில் அவளும், நான்கு விளக்குகளும், ஜீப்பும் மறைந்துபோயின. "கையை எடு, நான் பார்க்கணும்," என்றார் அவர்.