ஜூலியா வீட்டுப் பின் ஜன்னல்

விவேக் நகரில் நிருபமா குடியிருந்த முதல் மாடி பால்கனியில் கேமரா முக்காலி வைக்க இடமில்லை. நீண்ட லென்ஸைக் கையில் பிடித்துத்தான் படம் எடுப்பாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விடாமல் அழுத்துவாள். நாற்பதில் இரண்டு தேறும். வங்கி வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அரை மணி நேரம் அவளுக்கு இதுதான் சந்தோஷம்.

எதிரே ஜூலியாவின் கொல்லையில் ஒரு கொய்யா மரம். ஐம்பது தாண்டிய ஜூலியா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அந்த மரத்துக்குத் தேன்சிட்டு வரும், குக்குறுவான் வரும். போன மாதம் பச்சைக்கிளிகளும் வரத் தொடங்கின. அவை பழத்தைத் தொடவில்லை. ஜூலியாவின் பின் ஜன்னலைச் சுற்றிச் சுற்றிக் கத்தின.

ஒரு காலை ஜூலியா கொல்லைக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, டெய்லி என் வூட்டயே போட்டோ புடிக்கற?"

"வீட்ட இல்லக்கா, கிளிய."

"கிளி ஊரெல்லாம் கீது. ஏரிப் பக்கம் போய் எடு."

மறுநாள் அந்த ஜன்னலில் பெட்ஷீட் தொங்கியது. நிருபமாவுக்கு உறுத்த ஆரம்பித்தது அப்போதுதான். சனிக்கிழமை ஒரு ஆள் ஸ்கூட்டரில் துணி சுற்றிய பெட்டியோடு வந்தான். பத்து நிமிடத்தில் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அன்று எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். ஜன்னல் கம்பியில் ஒரு கிளி. காற்றில் விலகிய பெட்ஷீட்டுக்குப் பின்னால் கூண்டுக் கம்பிகள், அதற்குள் மங்கலாகப் பச்சை.

ஜூலியா கிளி பிடித்து விற்கிறாள் என்று நிருபமா முடிவு கட்டினாள். பறவை மீட்பு மையம் ஒன்றுக்குப் படத்தை அனுப்பினாள்.

ஞாயிறு காலை ஷ்ரேயாஸ் என்ற இளைஞன் மையத்திலிருந்து வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் நிருபமா நின்றாள். கதவைத் திறந்த ஜூலியா இருவரையும் பார்த்தாள். வழிவிட்டாள்.

கூண்டில் ஒரே ஒரு கிளி. இடது இறக்கையில் கட்டு.

"பட்டம் உட்ற மாஞ்சா நூலு அறுத்துடுச்சு. கொய்யா மரத்துல தொங்கிட்டிருந்துச்சு. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் உமேஷ் சனிக்கிழமையானா வந்து கட்டு மாத்தறாரு."

"பெட்ஷீட் எதுக்குக்கா?" என்றாள் நிருபமா.

"வெளிய அதுங்க கத்தினா இது கூண்டுல முட்டிக்குது. நீ வேற கேமராவ நீட்டிக்கினே இருந்த. புடுங்கிட்டுப் போய்டுவீங்கன்னு பயந்தேன்."

ஷ்ரேயாஸ் தணிந்த குரலில் சொன்னான். "வீட்ல வெச்சிக்க சட்டம் ஒத்துக்காதும்மா. எங்ககிட்ட டாக்டர் இருக்காரு. ரெக்கை சரியானா விட்டுடுவோம்."

ஜூலியா கிளியைத் துண்டில் சுற்றித் தானே அவன் பெட்டியில் வைத்தாள். பிறகு நிருபமாவிடம் திரும்பினாள்.

"எதிர் வூடுதானே. கதவத் தட்டி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நிருபமா துண்டின் நுனியைப் பெட்டிக்குள் மடித்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, கிளி பறக்கத் தொடங்கிவிட்டதாக மையத்திலிருந்து நிருபமாவுக்கு போன் வந்தது. சொல்லப் போனபோது ஜூலியா நம்பவில்லை. "நானே பாத்தாதான்" என்றாள். இருவரும் ஆட்டோவில் போனார்கள்.

வலையடித்த பெரிய கூடாரத்துக்குள் கிளி ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாழ்வாகப் பறந்தது. ஜூலியா வலையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஜூலியா கேட்டாள்.

"என் ஜன்னல் போட்டோவ இன்னும் வெச்சினிருக்கியா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டர்லயும் அழிச்சிட்டேன்."

"காட்டு."

நிருபமா தோளில் மாட்டியிருந்த கேமராவைக் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொன்னாள். ஜூலியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.