ஊற்றுக் கல்லில் வைத்த சீஸ்

இன்னர்லெதனிலிருந்து செல்கிர்க்குக்கு மலை வழியாக நடப்பவர்கள், வழியில் இருக்கும் ஊற்றுக் கல்லில் ஒரு துண்டு சீஸ் வைத்துவிட்டுத்தான் தாண்டுவார்கள். யாருக்கு வைக்கிறோம் என்று பெயர் சொல்ல மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அவர்களை 'நல்லவங்க' என்பதோடு சரி. இசோபெலும் வைத்தாள். அவள் நிமிர்வதற்குள் தம்பி ராப் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நாற்பது வயதாகியும் அவனுக்கு எல்லாமே விளையாட்டுதான்.

"டேய், அது அவங்க பங்குடா!"

"நல்லவங்கதானே? கோவிச்சுக்க மாட்டாங்க, வாக்கா."

கால் மணி நேரத்தில் மூடுபனி இறங்கிப் பாதையை விழுங்கியது. ராப் தடியால் தட்டித் தட்டி முன்னால் நடக்க, இசோபெல் அவன் முதுகுப்பையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் திட்டியபடியே பின்னால் போனாள். கூடவே கேட்ட ஒரு சத்தம் வேறு அவள் எரிச்சலைக் கிளப்பியது. சப்புக்கொட்டி, நிதானமாக, ருசித்து மெல்லும் சத்தம்.

"இன்னும் என்னத்தடா மெல்லுற?"

ராப் நின்றான். திரும்பவில்லை.

"நான் அப்பவே முழுங்கிட்டேன்க்கா. நீதான் மெல்லுறன்னு நெனச்சேன்."

இசோபெலின் பிடரிக்குப் பின்னால் மெல்லும் சத்தம் நின்றது.