ரேடியம் முள்

என் கணவர் பிரிட்டோவின் வாட்சைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, மழை ஈரத்தில் ஒரு வளைவில் அவர் வண்டி கவிழ்ந்துவிட்டது. வாட்சின் கண்ணாடி நொறுங்கி, முள் இரண்டும் எங்கோ விழுந்துபோயிருந்தன. காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. மணி காட்ட எதுவும் இல்லாமல் அது பாட்டுக்கு உள்ளே ஓடியது.

என் மாமனார் சிங்கராயர் அதை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டார். அப்படியே பல மாதங்கள் கட்டியிருந்தார்.

கச்சிராயபாளையத்து வீட்டில் ரோட்டைப் பார்த்த அறை அவருடையது. கண்ணில் ஏதோ நரம்புக் கோளாறு. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துவது போல வலிக்கும். சின்ன பல்பு கூட ஆகாது. ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் பழைய வேட்டியைக் கிழித்து அடைத்து, பகலிலும் இருட்டிலேயே படுத்திருப்பார். பிரிட்டோ இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தைத் தாண்டி நான் போனதில்லை. கடைக்குப் போனாலும் பாதி வழியிலேயே காது வீட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

"மெர்லினு, மணி இன்னா?"

ஈரக் கையோடு ஓடிப்போய்ச் சொல்வேன். அடுப்புக்குத் திரும்புவதற்குள் மறுபடியும் கேட்பார். பல வருஷம் சர்ச்சில் உபதேசியாராக இருந்து ஊரையே செபிக்க வைத்தவர். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் நேரம் தவறாமல் திரிகால செபம் சொல்லியாக வேண்டும். காலையைச் சேவல் சொல்லிவிடும். சாயங்காலத்தைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் சத்தம் சொல்லும். பன்னிரண்டு மணிக்கு மட்டும் அந்த அறைக்குள் வர ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்க ஆள் கேட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் படித்தது அந்த ஒன்றுதான். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். மாமாவிடம் பயந்துகொண்டே சொன்னேன்.

"போயேன். நானா உன்னப் புடிச்சி வச்சிக்கினு இருக்கறேன்? எனுக்கு மணி தெரியணும், அவ்ளோதான்."

"பேசுற கடியாரம் வாங்கியாந்தா வேணான்ட்டீங்களே மாமா."

"அது யாரோ ஒரு பொம்பள. ரூமுக்குள்ள நின்னுக்கினு இங்கிலீசுல அதட்றா. அவன் வாட்சுக்கே ரேடியம் முள்ளு போட்டுக் குடு. அவன் கையில ராத்திரி பூரா எரிஞ்சிக்கினு இருக்குமே. அது இருந்தா உன்ன நான் கூப்புடவே மாட்டேன்."

மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அன்புச்செல்வன் என்பவரின் வாட்ச் கடை. அகலம் ஒரு ஆள் நிற்கும் அளவுதான். அவர் சின்னச் சின்ன பாக்கெட்டுகளைக் கண்ணாடி மேல் பரப்பினார். குச்சி போல, கத்தி போல, நடுவில் ஓட்டை விட்டது என்று பல தினுசு. சிலது பச்சையாக எரியும், சிலது நீலமாக. இந்த மெஷினின் ஊசிக்கு எது உட்காரும் என்று பார்த்து அவர் பாதியை ஒதுக்கிவிட்டார். மிச்சத்தில் எது நன்றாக எரியும் என்று தெரிய இருட்டு வேண்டும். அந்தக் கடையில் டியூப் லைட்டுதான் இருந்தது. ஒவ்வொரு ஜோடியாக என் தோள்பைக்குள் வைத்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

"இன்னாம்மா, பைக்குள்ள கோழிக்குஞ்சா வச்சிருக்கிற?"

"நல்லா தெரியுதான்னு பாக்கறேன் அண்ணா. வயசானவரு."

"அப்ப பச்சய எடு. வெயில் பட்டாப் போதும், ராத்திரி பூரா எரியும்."

ராத்திரி பூரா என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

எனக்கு வேறு ஒரு கவலை. பன்னிரண்டுக்கு இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். இரண்டும் ஒரே அகலமாக இருந்தால் ஒற்றை முள்ளாகத் தெரியும்; மற்றது விழுந்துவிட்டதோ என்று அவர் பயந்துவிடுவார். மணி முள் தடிப்பாகவும் நிமிஷ முள் ஒல்லியாகவும் இருந்தால், ஒன்றை ஒன்று மறைக்காது. அவரைப் போலப் படுத்துக்கொண்டு பார்ப்பதாக நினைத்து, வேறு வேறு ஜோடிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். "ஜோடி மாத்திக் கேக்கற மொத ஆளு நீதான்" என்று சொல்லிக்கொண்டே பூட்டி, புதுக் கண்ணாடியும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாமா கையில் கட்டிவிட்டேன். கையை மார்பில் வைத்துக்கொண்டு படுத்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பச்சைக் கோடுகள் மட்டும் அவருடைய மூச்சோடு ஏறி இறங்கின.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது. "மணி நாலே கால். உன்னக் கேட்டனா?"

அடுப்படியில் நின்று சிரித்தேன். அந்த வீட்டில் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. திங்கட்கிழமைக்கு உடுத்த வேண்டிய புடவையை எடுத்து மடித்து வைத்தேன்.

பொழுது சாய்வதற்குள், "மெர்லினு, மணி இன்னா?"

போய்ப் பார்த்தேன். முள் அணைந்திருந்தது. வாட்சை வாசலுக்கு எடுத்துவந்து மிச்சமிருந்த வெயிலில் காட்டிக் கொடுத்தேன், எரிந்தது. பிறகு மறுபடியும் மங்கிவிட்டது. மறுநாள் முழுக்க, "மெர்லினு, வெயில் காட்டிக்கினு வா" என்று கூப்பிட்டார். முன்பாவது மணியைச் சொல்லிவிட்டுத் திரும்புவேன். இப்போது வாட்சைக் கழற்றி, வெளியே நின்று, திரும்ப வந்து கட்டிவிட வேண்டும். என்னைக் கட்டியிருந்த கயிற்றை நானே பார்த்துப் பார்த்து வாங்கி வந்தது போல இருந்தது.

கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"இருட்டு ரூம்லயேவா வச்சிக்கினு இருக்காரு?" என்றார் அன்புச்செல்வன். "ரேடியம்னு சும்மா சொல்றதும்மா. அதுவா எரியாது. வெயில குடிச்சாத்தான் இருட்டுல எரியும். கம்மியா குடிச்சா கம்மியாத்தான் எரியும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அவன் கையில எரிஞ்சிதே."

"அவரு வெயில்லயே இருந்தாரு மாமா. வண்டி ஜன்னல்ல கைய வச்சிக்கினுதான் ஓட்டுவாரு. நாள் பூரா வெயிலு. அதான் வாட்ச் கட்டற வலது கை மட்டும் கறுத்துப் போயிருந்திச்சி."

அன்று ராத்திரி மாமா மறுபடியும் மணி கேட்கவில்லை. வேலைக்கு வரவில்லை என்று காலையில் வக்கீலுக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் பழைய புடவையோடு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுச் சின்னப்பொண்ணு தண்ணிக் குடத்தோடு ரோட்டில் நின்றாள்.

"ஏண்டி, உங்க மாமனாரு இன்னா, பஸ்ஸ நிறுத்தறாரா?"

திரும்பிப் பார்த்தேன். சாத்தியே கிடந்த ஜன்னலின் ஒரு கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தது. கம்பிகளுக்கு நடுவே அவருடைய கை முழங்கை வரைக்கும் வெளியே நீண்டிருந்தது. வெயில் படாமல் வெளுத்துப்போன கை. வாட்ச் வானத்தைப் பார்த்திருந்தது.

உள்ளே ஓடினேன். இடுக்குத் துணிகள் தரையில் கிடந்தன. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கண்ணில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். துண்டுக்குக் கீழே கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணு வலிக்குமே மாமா. சாத்தட்டுமா?"

"கையிலயா கண்ணு இருக்குது? நீ கெளம்பு. பஸ்ஸு போய்டும்."

"மத்தியானத்துக்கு..."

"மங்குச்சின்னா மறுபடியும் நீட்டறேன். போன்னா போயேன். நின்னுக்கினே இருக்கற."

சோற்றையும் குழம்பையும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் மூடி வைத்தேன். மடித்து வைத்திருந்த புடவையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பஸ் வந்துவிட்டது. உள்ளே நிற்கக்கூட இடமில்லை. கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, கை கால் அசைக்க முடியாமல் நின்றேன். பஸ் எங்கள் வீட்டைத் தாண்டியது. ஆட்களின் தோள்களுக்கு இடையில் அந்தக் கை ஒரு நொடி தெரிந்தது. இன்னும் நீட்டியபடியே இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. எவ்வளவு நேரம் காட்டினால் போதும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. கண் வலியோடு நாள் பூரா ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பார்.

இறங்க வேண்டும் என்று கண்டக்டரைக் கூப்பிட்டேன். கூட்டத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் கதவு வரைக்கும் நகர்ந்தேன். ஏறுகிறவர்கள் என்னைத் திரும்பவும் உள்ளே தள்ளினார்கள். அதற்கடுத்த ஸ்டாப்பில் வழி இருந்தது. நான் இறங்கவில்லை.