டிக்கியைத் திறக்காதே

சுப்பராயலு தன் ஐம்பத்தேழு வருஷ வாழ்க்கையில் பெண்டாட்டி பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப்போனதாகச் சரித்திரம் கிடையாது. கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலம் சந்தை, சந்தையிலிருந்து கம்மாபுரம், அவ்வளவுதான் அவர் உலகம். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வியாழக்கிழமை காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, “சனி ஞாயிறு சிதம்பரம், பிச்சாவரம், கடலூருன்னு சுத்திட்டு வரலாம். சாப்பாடெல்லாம் ஓட்டல்லயே பாத்துக்கலாம்” என்றால், பெற்ற மகளுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

கயல்விழிக்கு வந்தது. லேசாகவும் வரவில்லை. ஏனென்றால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் சென்னையில் ஒரு கண் மருத்துவமனையில் வேலைக்குச் சேரவேண்டும். எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. ஆர்டர் வந்த அன்று அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு, “பாக்கலாம்” என்றார். அந்த வீட்டில் ‘பாக்கலாம்’ என்று சொல்லப்பட்ட எந்தக் காரியமும் இதுவரை நடந்ததில்லை.

இப்போதெல்லாம் அவர்கள் சொந்தத்தில் தட்டு, பூ, பஜ்ஜி என்று யாரும் பெண் பார்க்க வீட்டுக்கு வருவதில்லை. தரகர் நாளும் இடமும் குறித்துக் கொடுப்பார். இரண்டு குடும்பமும் ஏதோ ஒரு கோயிலிலோ ஓட்டலிலோ தற்செயலாக வந்ததுபோல் வந்து, பார்த்துக்கொண்டு போய்விடும். பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. பெண்ணுக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். பெரியப்பா மகள் தமிழ்ச்செல்வி நெய்வேலிக்கு ஐஸ்கிரீம் சாப்பிடத்தான் போனாள். ஆசையாக இரண்டு கப் சாப்பிட்டு வீட்டுக்கு வந்தால், கல்யாணம் முடிவாகியிருந்தது.

சனிக்கிழமை காலை இரவல் கார் வாசலில் நின்றது. கயல்விழி தன் பையை வைக்க டிக்கிப் பக்கம் போனாள். சுப்பராயலு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“அதத் தொறக்காத. பையை மடியிலயே வெச்சிக்க.”

“ஏம்ப்பா, உள்ள என்னா இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. மூடுனா சரியா மூடல, அதான்.”

தேங்காய் பழத் தட்டுதான் இருக்கும், வேறென்ன? பார்த்த கையோடு பூவையும் வைத்துவிடப் போகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. ஆர்டரை நாலாக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் போட்டு மூடினாள். அப்பா கையில் அகப்பட்டால் திரும்பி வராது.

அண்ணன் அருண்குமார்தான் கார் ஓட்டினான். விருத்தாசலத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான், முப்பது நெருங்குகிறது. பெண் வீட்டிலிருக்கப் பையனுக்கு முந்திச் செய்கிற வழக்கம் அவர்களிடம் இல்லாததால், அவன் பாட்டுக்கு இருந்தான். வடலூரில் டீ குடிக்க இறங்கியபோது அவனைத் தனியாக மடக்கினாள்.

“ண்ணா, உண்மையச் சொல்லு. எனக்கு மாப்ள பாக்கத்தான போறோம்?”

“உனக்கு மாப்ள பாக்கல. சத்தியமா” என்றான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். சிவக்கவில்லை. அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது.

சிதம்பரத்தில், கோயிலுக்குப் போகப் பட்டுப்புடவைதான் கட்டவேண்டும் என்று அம்மா இளவரசி பிடிவாதம் பிடித்தாள். கயல்விழி கட்டினாள். ஆனால் பவுடரைத் துடைத்தாள், பூவைக் கழற்றித் தூணோரம் வைத்தாள், முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டாள். தீபாராதனைக்கு மணி அடித்தது, கூட்டம் முழுக்க எக்கி எக்கி நடராஜரைப் பார்த்தது. பச்சைப் பட்டு உடுத்திய ஓர் அம்மாள் மட்டும் சாமிக்கு முதுகைக் காட்டி நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயல்விழி பார்த்ததும் சட்டென்று கையெடுத்துத் தூணைக் கும்பிட்டாள்.

மதியம் கீழ வீதி ஓட்டலில் கொத்சு பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கு உப்பா உறைப்பா ஒன்றும் தெரியவில்லை. வாசல் பக்கம் வந்த ஆள்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பிச்சாவரம் படகுத்துறையில், அதே பச்சைப் பட்டின்மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அதே அம்மாள். கூட மீசை நரைத்த ஒருவர். அவர் அருணிடம் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். “கடை சொந்தக் கட்டடமா தம்பி, வாடகையா?” என்று கேட்டது இவள் காதில் விழுந்தது. அண்ணனைப் பிடித்துக் குடும்பத்தை விசாரிக்கிறார்கள், ஆழம் பார்க்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்தது. அம்மா கொக்கைக் காட்டினாள், நண்டைக் காட்டினாள். கயல்விழி பின்னால் வரும் படகையே திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ராத்திரி லாட்ஜில் அம்மா எத்தனை முறை கேட்டும், “ஒண்ணும் இல்ல” என்றே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர். சில்வர் பீச்சில் அருண் புதுச்சட்டையோடு நின்று செல்போனில் தன் தலையைப் பார்த்துக்கொண்டான். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. பன்னிரண்டரைக்கு, சாப்பிடப் போகலாம் என்று அப்பா கூட்டிப்போய் நிறுத்திய இடம் சைவ ஓட்டல். ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத சுப்பராயலு, கடலூருக்கே வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, சாம்பார் சாதம் சாப்பிடப்போகிறாராம். முடிந்தது கதை என்று கயல்விழி நினைத்தாள்.

உள்ளே போனால், நாலு மேஜை தள்ளிப் பச்சைப் பட்டு. இன்றைக்குக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. கூட மீசைக்காரர், ஒரு பெண். பெண்ணுக்கு இவள் வயதுதான் இருக்கும். மாப்பிள்ளைக்குத் தங்கையாக இருக்கவேண்டும். மாப்பிள்ளை வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பான். வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

இவர்கள் மேஜைக்கு வந்த தோசையில் பாதி இறங்குவதற்குள் அந்த அம்மாள் கை கழுவ எழுந்தாள். கயல்விழியும் எழுந்தாள். குழாயடியில் போய் நேராக நின்றாள்.

“ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. நேத்துலேர்ந்து நீங்க எங்களப் பாத்துகினு வர்றது எனக்குத் தெரியும். இந்தக் கல்யாணம் வேணாம். நாளைக்கு நான் வேலைல சேரணும், எட்டு மாசமா அலைஞ்சு வாங்குன வேலை. உங்க பையனுக்கு வேற எடம் பாருங்க.”

அந்த அம்மாள் ஈரக்கையை உதறக்கூட மறந்து நின்றாள்.

“எங்களுக்குப் பையனே கெடையாதும்மா. ஒரே பொண்ணு, பவானி. நாங்க உங்க அண்ணனப் பாக்கத்தான் வந்தோம். நேத்து நாங்க ரெண்டு பேரும் பாத்தோம், மனசுக்குப் புடிச்சிருந்துச்சி. இன்னிக்கு அவளக் கூட்டியாந்தோம். அவகிட்ட இன்னும் சொல்லல.”

“இப்பத் தெரிஞ்சிபோச்சும்மா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கையில் டிஷ்யூ பேப்பரோடு பவானி நின்றிருந்தாள்.

கயல்விழிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று இரண்டு நாளாகக் கொதித்தவள், இன்னொருத்தியை ஏமாற்றுகிற கூட்டத்தில் அல்லவா உட்கார்ந்து தோசை தின்றிருக்கிறாள்.

“உங்க அண்ணனுக்குத் தெரியுமா?” என்று பவானி கேட்டாள்.

சத்தியமும், சிவக்காத காதும், புதுச்சட்டையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

“தெரியும்.”

பவானி தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி, தூண் ஓரம் நின்று அருணை முழுசாகப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்காமல் ஊத்தப்பத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க நம்பர் குடுங்க” என்றாள் கயல்விழியிடம். “அவரோடது வேணாம். உங்களோடது.”

குழாயடிப் பேச்சு இரண்டு மேஜைக்கும் எட்டிவிட்டது. இரண்டு குடும்பமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் பில்லைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தன. அம்மா காருக்கு அருகில் வருகிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

“இப்ப திருப்தியாடீ உனக்கு?”

“பொண்ணு நான் இருக்கும்போது அவனுக்கு முந்திப் பாப்பீங்கன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?”

“யாருக்காகடீ முந்திப் பாத்தோம்? வீட்டுல கல்யாணம்னு ஒண்ணு நடந்தாத்தான் சொந்தக்காரன் வாய மூடுவான், அதுக்குள்ள நீ ரெண்டு வருசம் நிம்மதியா வேலை பாப்பேன்னு உங்க அப்பாதான் சொன்னாரு. அத்தினி பேரு ஏசுனாங்க, ஒரு வார்த்தை காதுல வாங்கல.”

சுப்பராயலு டிக்கியைத் திறந்தார். உள்ளே அவளுடைய பெரிய பெட்டி. ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் மாங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி, புதுப் போர்வை.

“இங்கேர்ந்தே மூணு மணிக்கு மெட்ராஸ் பஸ்ல ஏத்திவுட்டுடலாம்னுதான்” என்றார், வாளியை இறக்கிக்கொண்டே. “சாப்புட்டு முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“வியாழக்கெழமையே சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொல்லியிருக்கலாம்” என்றார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடு ரோட்டில், ஓட்டலுக்கு வருகிறவர் போகிறவர்களுக்கு நடுவே, வாளியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பஸ் புதுச்சேரியைத் தாண்டும்போது புது நம்பரிலிருந்து செய்தி வந்தது.

‘பவானி பேசறேன். வீட்டுல ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க. உங்க அண்ணன் நல்லவரா? உண்மையச் சொல்லுங்க.’

கயல்விழி அதைப் பத்துத் தடவை படித்தாள். அண்ணனுக்காகப் பொய் சொல்லலாம், வாளிக்குள் இருக்கும் ஊறுகாய்க்காகவாவது சொல்லலாம். ஆனால் தூண் ஓரம் நின்று அவனை முழுசாகப் பார்த்தவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து பதில் அடித்தாள்.

‘நல்லவன்தான். பொய் சொல்லமாட்டான். ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லுவான். எதையும் விடாம கேட்டுடுங்க.’