சளி டப்பா

“அண்ணே, உங்க சளியில டிபி கிருமி இருக்கு. பயப்படாதீங்க, மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிரும்” என்று சௌம்யா சொன்னதும் டிக்சனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சளி அவனுடையதே இல்லை.

கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் தந்தூரி அடுப்பு அவன் பொறுப்பு. ஒரு மாதமாக விடாத இருமல். அந்த நேரம் பார்த்தா, ஹோட்டல் ஊழியர் எல்லோருக்கும் காசநோய்ப் பரிசோதனை என்று சுகாதாரத் துறையிலிருந்து கிளம்பி வருவார்கள்? வந்தவள்தான் இந்த சௌம்யா. ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி, வருகிற சளியைத் துப்பிக் கொண்டுவரச் சொன்னாள். குணமாகிற நோய்தான், மறைக்காதீர்கள் என்று தொண்டை வற்றப் பேசினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் படி இறங்கியதும் முதலாளி சண்முகராஜ், யாருக்காவது இருந்தால் சீசனுக்கு முன்னாலேயே ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். சௌம்யா பேசிய அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் காலி.

வீட்டுக்கு வந்து டிக்சன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வழி சொன்னவள் அவன் மனைவி கேத்தரின்.

“எங்கிட்ட குடுங்க, நான் துப்பித் தாரேன். எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

அப்படித்தான் இருந்தாள். லாட்ஜுகளின் ஈரப் போர்வைகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறவள். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. சமீபத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாக அவளே பெருமையாகச் சொல்லிப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். குளிர் ஊரில் காலைச் சளி யாருக்குத்தான் இல்லை? மறுநாள் வெள்ளனே எழுந்து டப்பாவில் துப்பி மூடிக் கொடுத்தாள். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

இப்போது சௌம்யா முடிவோடு வீட்டுக்கே வந்திருக்க, அதே கேத்தரின், மகள் ஜெனியை மடியில் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றுவிட்டது. சௌம்யா எதையும் கவனிக்காமல் தன் சோலியைப் பார்த்தாள். வீட்டில் யார் யார், யாருக்கு இருமல் என்று விசாரித்துக்கொண்டே வந்து, பாப்பா யாரோடு படுக்கிறாள் என்று கேட்டாள்.

இருமல் வந்த நாளிலிருந்து டிக்சனின் படுக்கை அடுப்படியில். தனித் தட்டு, தனி டம்ளர். அப்பா வேண்டும் என்று ஜெனி கதவைத் தட்டி அழுதபோதெல்லாம் கேத்தரின் அவளை இழுத்துப்போய்த் தன் கம்பளிக்குள் போட்டுக்கொண்டாள். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்த அறை. அம்மாவின் கழுத்தில் முகம் புதைத்தால்தான் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரும். ராத்திரியில் தனக்கு வேர்த்துக் கொட்டுவதைக்கூட, பிள்ளைச் சூடு என்றுதான் கேத்தரின் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அம்மாகூட” என்று ஜெனியே பதில் சொன்னாள்.

“ரொம்ப நல்லதுண்ணே, வெவரமாத்தான் இருந்திருக்கீங்க” என்றாள் சௌம்யா.

ஓங்கி அறைந்திருந்தாலும் அவனுக்கு அப்படி வலித்திருக்காது. வாயை மூடிக்கொண்டு, தன் பேரில் வரும் மாத்திரையைக் கேத்தரினுக்குக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் புத்தி போனது. நிமிர்ந்தால் கேத்தரின் முகம் வெளிறிக் கிடந்தது.

“சிஸ்டர், அது என் சளி” என்றாள்.

சௌம்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கேத்தரின் மடியிலிருந்த பிள்ளையை இறக்கித் தள்ளினாள்.

“அப்பாகிட்ட போ.”

எத்தனை நாளாகக் காத்திருந்த பிள்ளை! துள்ளிக்கொண்டு ஓடியது. டிக்சன் இரண்டு கையையும் நீட்டினான். அப்போதுதான் அவனுக்கு இருமல் வந்தது. அவன் சளியை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான்.

ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலையோடு, யாரிடம் போவது என்று தெரியாமல் ஜெனி நடுவீட்டில் நின்றாள்.