எந்த எழுத்துக்கு அடி வாங்கினீர்கள்?

ஜோஸ்லினின் விசைப்பலகைச் செயலிக்கு வண்டூர் படகுச் சங்கம் கொடுத்த அவகாசம் ஒரே ஒரு காலை. பத்து மணிக்குச் சுற்றுலாப் பயணிகளின் பேருந்து வந்து சேரும். அதற்குள் ஒன்பது படகோட்டிகளும் தத்தம் கையால் ஒரு செய்தியாவது தட்டி அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால், எல்லாருடைய கைபேசியிலிருந்தும் அதை அவளே அழித்துவிட்டுப் போக வேண்டும். சங்கத் தலைவர் யோகராஜ் அப்படித்தான் சொல்லியிருந்தார். தீவின் நகர்ப்பகுதியான டாலிகஞ்சில், மாடியறை ஒன்றில் அமர்ந்து இரண்டு ஆண்டுகளாக அவள் உருவாக்கியது அது.

சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அதுவரை எல்லாமே குரல்பதிவுகள்தாம். எஞ்சின் இரைச்சலில் அவை பாதி கேட்கும், பாதி கேட்காது. போன வாரம் முதல் ட்ரிப் தனக்கே என்று நம்பி இரண்டு படகுகள் ஒரே கூட்டத்தை ஏற்ற வந்து முட்டிக்கொண்டு நின்றன. எழுதி அனுப்பலாம் என்றால் எந்த எழுத்தில்? தமிழரும் வங்காளியும் தெலுங்கரும் இங்கே தமக்குள் இந்தியில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் எழுதக் கை வருவது அவரவர் பள்ளியில் பழகிய எழுத்தில்தான். ஜோஸ்லினின் செயலியில், ஜெட்டி என்கிற இந்தப் படகுத்துறையில் புழங்கும் இந்தியைத் தமிழ் எழுத்திலேயே தட்டலாம். வங்காள எழுத்தில் வந்த செய்தியை ஒருமுறை தொட்டால், அது படிப்பவரின் எழுத்துக்கு மாறிவிடும்.

எட்டே முக்காலுக்கு எல்லாரும் செயலியைத் திறந்தார்கள். ஒன்பதேகால் ஆகியும் குழுவில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

"யே க்யா ஹை, பேட்டி?" இது என்ன மகளே என்று கேட்டபடி, வங்காளிப் படகோட்டி பிஸ்வாஸ் தம் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். இளைஞனான பீட்டர் பொறுமையிழந்து மறுபடி ஒரு குரல்பதிவை அனுப்பினான். அதைக் கேட்ட யோகராஜ் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

ஜோஸ்லின் தன் தந்தை மிக்கேலின் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். அவரும் அந்த ஒன்பது பேரில் ஒருவர். திரை முழுவதும் இந்தி எழுத்துகள்.

"அப்பா, உங்களுக்கு இந்தி எழுதத் தெரியாதே! எதுக்கு இதை அமுக்கினீங்க?"

"உங்கள் மொழி எதுன்னு கேட்டுச்சு. அமுக்கினேன்."

"தமிழ்னு பக்கத்துலயே இருக்கே!"

"ஜெட்டியில நான் என்ன தமிழா பேசுறேன்? காலையில எறங்கினா ராத்திரி வரை இந்திதான."

"வீட்டுல?"

"வீட்டுல பேசுறது பேச்சும்மா. நாலு பேர்கிட்ட பேசுறதுதான் பாஷை."

அவள் மற்ற கைபேசிகளையும் வாங்கிப் பார்த்தாள். ஒன்பது பேரும் இந்தியையே தேர்ந்திருந்தார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை; கேட்ட கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்லியிருந்தார்கள். பிழை கேள்வியில் இருந்தது. அதை எழுதியவளோ, நாக்குக்கும் விரலுக்கும் ஒரே மொழிதான் என்று டாலிகஞ்சில் உட்கார்ந்தபடி முடிவுகட்டிவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா சிரிக்கிற? தோத்துட்டியா?" என்றார் யோகராஜ்.

"இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு, மாமா."

தேநீர்க் கடையின் பெஞ்சில் மடிக்கணினியை விரித்தாள். 'உங்கள் மொழி எது?' என்ற வரியை நீக்கினாள். மொழிகளின் பெயர்களையும் நீக்கினாள். அவற்றின் இடத்தில் ஒவ்வோர் எழுத்துமுறையின் முதல் எழுத்தையும் பெரிதாக வைத்தாள். புதிய கேள்வியைத் துணிந்து எழுதினாள். சிக்னல் மிக மெதுவாக இருந்ததால் புதிய கோப்பைக் கைபேசிக்குக் கைபேசி நேரடியாகவே அனுப்பினாள். பிறகு பெஞ்சின் மேல் ஏறி நின்று, கேள்வியை ஜெட்டி இந்தியில் உரக்கக் கேட்டாள்: பள்ளிக்கூடத்தில் எந்த எழுத்துக்கு முதலில் அடி வாங்கினீர்கள்?

அடுத்த நொடி ஜெட்டியே குலுங்கிச் சிரித்தது. பிஸ்வாஸ் வலது உள்ளங்கையை விரித்துத் தழும்பு தேடினார்.

"நான் தமிழுக்கும் வாங்கினேன், இந்திக்கும் வாங்கினேன். ரெண்டையும் அமுக்கவா?" என்றான் பீட்டர்.

"மொத அடி எதுக்குடா?"

"மொத அடி லேட்டா போனதுக்கு, அக்கா!"

சிரித்துக்கொண்டே ஒவ்வொருவரும் தமக்குரிய எழுத்தைத் தொட்டார்கள். திரையில் பழகிய எழுத்துகளின் முகத்தை அடையாளம் கண்ட விரல்கள் மெல்ல நகரத் தொடங்கின. மிக்கேல் தம் பெயரை அனுப்பினார். பீட்டர் தன்னை அடித்த வாத்தியாரின் பட்டப்பெயரை அனுப்பினான். மற்றவர்களும் ஆளுக்கொரு சொல்லைத் தட்டி அனுப்பினார்கள். பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில், கடைசி ஆளாக யோகராஜ் ஒற்றை விரலால், நாக்கைக் கடித்தபடி, அன்றைய ட்ரிப் வரிசையைத் தட்டி அனுப்பினார். உடனே வங்காள எழுத்தில் ஒரு பதில் வந்தது. அவர் அதைத் தொட்டார். எழுத்துகள் தமிழுக்கு மாறின.

"மேரா தீஸ்ரா நம்பர் க்யோன்? கல் பீ தீஸ்ரா தா!"

நேற்றும் மூன்றாவது, இன்றும் மூன்றாவதா என்பது பிஸ்வாஸின் கேள்வி. பிஸ்வாஸ் ஆறடி தூரத்தில்தான் நின்றார். யோகராஜ் நிமிரவில்லை. பதில் தட்டினார். அங்கிருந்து மறுபதில் வந்தது. இருவரும் வாய் திறக்காமல் விரல்களால் சண்டையிட, மற்ற ஏழு பேரும் அவரவர் எழுத்தில் அதைப் படித்துக் கைதட்டினார்கள். பேருந்து வந்து நின்றதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

"மாமா, பத்து மணி ஆச்சு. அழிச்சிடட்டுமா?" என்றாள் ஜோஸ்லின்.

"எதை அழிக்கப் போற? சும்மா இரும்மா," என்றார் யோகராஜ், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "இவனுக்கு ஒரு பதில் எழுதிட்டு வர்றேன்."